ஒரு காரின் பிறப்பத்தாட்சிப் பத்திரம்

1

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தம்பி, அக்கா கனடாவில் கார் செய்கிறாள் என்று ஆட்களுக்குச் சொல்லித் திரிகிறான். போன மாதம் வந்த கடிதத்தில், தன்னுடைய கூட்டாளி ஒருவருக்கும் எங்கள் 'கொம்பனியில்' ஒரு வேலை பார்த்துத் தரச் சொல்லியிருந்தான். ஆகவே முதலில் இதைத் துலக்கிவிடுகிறேன். எங்கள் கொம்பனியில் மொத்தம் மூன்று பேர். முதலாளி மாரியோ, கழற்றிப் பூட்டுகிற வேலைகளைச் செய்யும் கென், பிறகு நான். நாங்கள் கார் செய்வதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்பு யாரோ செய்த கார்களின் உள்பக்கத்தைப் பிரித்து, அன்று எப்படி இருந்ததோ அப்படியே திரும்பத் தைத்துக் கொடுக்கிறோம். சீற்றுகள் என் பொறுப்பு.

போன வெள்ளிக்கிழமையோடு நான் அங்கே சேர்ந்து ஆறு வருஷம் முடிந்தது. மாரியோ ஒரு கேக் வாங்கி வந்தார். அன்றைக்கே தபாலில் டெபி என்ற பெண்மணியிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டையும் வந்தது. அந்த அட்டைதான் இதை எழுத வைத்தது.

தையல் எனக்குப் புதிதல்ல. என் கணவர் யாழ்ப்பாணத்தில் மினிபஸ் வைத்திருந்தார். சனம் ஏறி இறங்கி, மூட்டை ஏற்றி, ஆறு மாதத்தில் சீற்றெல்லாம் கிழிந்துவிடும். தைக்கக் கொடுத்தால் தைப்பவர் ஒரு கிழமை இழுத்தடிப்பார். பொறுமை இல்லாமல் நானே ரெக்சின் வாங்கி, பிளவுஸ் தைத்த மெஷினில் மூன்று ஊசி முறித்து, நாலாவது ஊசியில் பழகிவிட்டேன். எங்கள் மினிபஸ்ஸில் எஞ்சின் ஒரு வண்டியுடையது, கியர்பெட்டி இன்னொன்றுடையது, கதவு யாருடையதென்று எங்களுக்கே தெரியாது. ஆனால் சீற்று முழுக்க முழுக்க என்னுடையது.

ரொறொன்ரோவில் வேலை தேடிப் போன இடமெல்லாம் 'கனேடிய அனுபவம்' கேட்டார்கள். மாரியோ மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துண்டு ரெக்சினையும் மெஷினையும் காட்டினார். தைத்துக் கொடுத்தேன். முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தார். "திங்கட்கிழமை வா" என்றார். அவருக்கு இத்தாலிய ஆங்கிலம், எனக்கு அதிலும் பாதி ஆங்கிலம். இரண்டும் ஒன்றையொன்று நன்றாகவே விளங்கிக்கொண்டன.

2

எங்களிடம் வருவது அநேகமாக அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் செய்த அமெரிக்கக் கார்கள். நடுத்தரக் காருக்குள் மிகப் பெரிய எஞ்சினை அடைத்து, பக்கத்தில் கோடு அடித்து, இளவட்டங்களுக்கு விற்றார்கள். இங்கே அவற்றை 'மசில் கார்' என்பார்கள். அவற்றிலும் சில வகைகளை, இத்தனைதான் செய்வோம் என்று எண்ணி வைத்துச் செய்தார்கள். அவற்றின் டாஷ்போர்டில், இது எத்தனையாவது கார் என்று இலக்கம் வெட்டிய சின்னத் தகடு ஒன்று அடித்திருக்கும்.

இப்படிப்பட்ட கார்களைத் தனி மண்டபத்தில், கையுறை போட்ட ஆட்கள் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். மாரியோ வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய மைத்துனர் அப்படியொரு தொழிற்சாலையில் சீற்றுப் பூட்டும் இடத்தில் இருந்தவராம்.

எல்லாம் ஒரே லைனில்தான் வந்திருக்கின்றன. முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போகிற சாதாரணக் கார், பின்னால் ஒரு டாக்ஸி, இரண்டுக்கும் நடுவில் இந்த விசேஷக் கார். லைனில் நின்றவர்களுக்கு அது விசேஷம் என்றே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒரு தாள் மட்டும். ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள், முழுக்கப் பெட்டி பெட்டியாக, பெட்டிக்குள் எழுத்தும் இலக்கமும். சீற்றுக்காரன் தன்னுடைய பெட்டியைப் பார்த்துக் கறுப்புச் சீற்றை வைப்பான். எஞ்சின்காரன் தன்னுடையதைப் பார்த்து எஞ்சினை இறக்குவான். பக்கத்துப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. லைன் நிற்காது, பார்க்க நேரமும் இல்லை.

ஒரே தாளைப் பல பிரதிகளாக அடித்து, சீற்றுக்காரருக்கு ஒன்று, பெற்றோல் தாங்கி பூட்டுபவர்களுக்கு ஒன்று என்று பகுதி பகுதியாகக் கொடுத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தாள் குப்பை. குப்பை வாளி தூரத்தில் இருக்கும். சீற்றுக்காரன் அதைச் சீற்றின் ஸ்பிரிங்குக்குள் செருகிவிடுவான். தாங்கிக்காரன் தாங்கிக்கு மேலே போட்டுப் பூட்டிவிடுவான்.

இலக்கத் தகடு விஷயம் இன்னும் மோசம். கோடு அடிப்பது, தகடு அடிப்பது போன்ற அலங்காரமெல்லாம் சில கார்களுக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறையில்தான் நடந்ததாம். தகடுகள் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். கைக்கு வந்ததை எடுத்து றிவெற் ஆணி அடிப்பார்கள். ஆகவே ஏழாம் இலக்கக் கார் ஏழாவதாகப் பிறந்த கார் அல்ல. அந்த இலக்கத்துக்காக இன்றைக்குப் பெரிய மனிதர்கள் அடிபடுகிறார்கள்.

காருக்கென்று இன்னொரு நீண்ட இலக்கம் உண்டு. அது முன் கண்ணாடிக்குக் கீழேயும் வேறு மறைவிடங்களிலும் குத்தியிருக்கும். மாரியோ சொல்வார், "தகடு தோடு மாதிரி, கழற்றலாம், மாட்டலாம். அந்த நீண்ட இலக்கம் மச்சம்." ஆனால் அந்த மச்சமும் எல்லாம் சொல்லாது. எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம், என்ன உடம்பு என்று சொல்லும். சில வகைகளில், இது விசேஷக் காரா சாதாரணக் காரா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது, குப்பையென்று ஸ்பிரிங்குக்குள் செருகிய அந்தத் தாள் மட்டும்தான்.

3

டெபி வந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு. ஐம்பது வயதுப் பெண், பாடசாலை பஸ் ஓட்டுகிறவர். அவர் கொண்டுவந்தது தன்னுடைய தமையன் றிக்கின் கார். செம்மஞ்சள் நிறம், பக்கத்தில் கறுப்புக் கோடு. டாஷ்போர்டில் தகடு இருந்த இடத்தில் இரண்டு றிவெற் ஓட்டை மட்டும் இருந்தது. தகட்டை எப்போதோ யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். முதல் எஞ்சினும் இல்லை. றிக் அதை இளமையில் ஓட்டி உடைத்துவிட்டு வேறு எஞ்சின் போட்டிருந்தார்.

றிக் இருபத்தைந்து வருஷமாக, இது உண்மையான விசேஷக் கார் என்று சொல்லிவந்திருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. சாதாரணக் காருக்குக் கோடு அடித்து வேஷம் போடுகிறவர்கள் நிறைய. அவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்து, கார்க்காரர் கூடும் இடங்களில் கேலி செய்தார்களாம். பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார்.

"இனி அவன் வாயால் சொல்ல முடியாது," என்றார் டெபி. "யாராவது சொல்ல வேண்டும்."

ஒரு பழைய கார்க் காட்சிச்சாலை அதை வாங்க ஆசைப்பட்டது. உண்மையான கார் என்றால் முழுதாக வைத்துப் பாதுகாப்பார்கள். இல்லையென்றால் வேண்டாம். டெபிக்கோ அதை வைத்துக்கொள்ள இடமில்லை. பிரித்து உதிரிப் பாகமாக வாங்குகிறவன் ஒருவன் ஏற்கனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். காட்சிச்சாலையின் பரிசோதகர் வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்குள் சீற்றுகளைப் பிரிக்கும் வேலை என்னுடையது.

"பின் சீற்றைக் கவனமாகப் பிரி," என்றார் மாரியோ. "தாள் இருந்தால் அங்கேதான் இருக்கும். முன் சீற்றை யாரோ ஏற்கனவே மாற்றித் தைத்திருக்கிறார்கள்."

திங்கட்கிழமை அவர் ஸ்பொஞ்ச் வாங்க ஹமில்ற்றனுக்குப் போனார். கென் அன்றைக்கு லீவு. நான் தனியாகப் பின் சீற்றைக் கவிழ்த்து, உறையைப் பிடித்திருந்த சின்னக் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஸ்பிரிங்குக்கும் சாக்குக்கும் நடுவில் அது இருந்தது. நாலாக மடித்த, பழுப்பேறிய தாள். பொரித்த அப்பளம் போல், தொட்டால் நொறுங்குகிற பதத்தில் இருந்தது. விரித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த நீண்ட இலக்கம் அப்படியே அதன் தலையில் அச்சடித்திருந்தது. கீழே ஒரு பெட்டியில், விசேஷக் காருக்குரிய குறியீடு என்று மாரியோ எனக்கு எழுதிக் காட்டியிருந்த மூன்று எழுத்தும் இருந்தன.

முன்பின் தெரியாத ஒரு மனிதர் இருபத்தைந்து வருஷமாகச் சொன்ன உண்மை என் கையில் இருந்தது. அது மடிப்பில் கிழியத் தொடங்கியும் இருந்தது.

4

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்கு விளங்க வேண்டுமானால், எங்கள் பத்திரங்களின் கதையையும் சொல்ல வேண்டும்.

என் கணவர் முந்தியே கனடாவுக்கு வந்துவிட்டார். நானும் மகள் துளசியும் சண்டைக்குத் தப்பி, படகில் கிளாலிக் கடல் கடந்து கொழும்புக்குப் போனபோது, படகில் தண்ணீர் அடித்துப் பத்திரங்கள் எல்லாம் நனைந்தன. துளசியின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் மை ஊறி, தகப்பன் பெயர் ஒரு நீலக் குட்டையாகிவிட்டது. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை உங்களுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறது. ஊரிலிருந்து புதுப் பிரதி எடுப்பித்து வர ஏழு மாதம் போயிற்று. வந்த அன்றே ஓடிப்போய் அதை லமினேற் பண்ணினேன். கொழும்பு வெள்ளவத்தையில், வெளிநாடு போகக் காத்து லொட்ஜில் இருந்த எங்கள் சனம் எல்லாம் அதைத்தான் செய்தது. கலியாண எழுத்து, சாதாரண தரப் பரீட்சை றிசல்ற், கிராம சேவகர் கடிதம் எல்லாமே பிளாஸ்ரிக்குக்குள் போயின.

இங்கே வந்தும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. துளசி நீச்சல் பழகி வாங்கிய சான்றிதழைக்கூட லமினேற் பண்ணி வைத்திருக்கிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண் அந்தப் பிறப்பத்தாட்சியைச் சாப்பாட்டுக் கடை மெனு மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, முத்திரையைத் தொட்டுப் பார்க்க முடியாதே, பிளாஸ்ரிக் இல்லாத பிரதி கொண்டுவாருங்கள் என்று திருப்பித் தந்துவிட்டார். ஒரு நாட்டில் நனைந்தது என்று நம்பவில்லை. இன்னொரு நாட்டில் நனையாமல் வைத்தேன் என்று நம்பவில்லை. ஆனால் அந்தக் கவுண்டர் கதை நடந்தது போன வருஷம். றிக்கின் தாள் கையில் கிடைத்த அன்றைக்கு எனக்கு அந்தப் புத்தி இன்னும் வந்திருக்கவில்லை.

எங்கள் பட்டறைக்கு எதிர்ப் பக்கத்துப் பிளாசாவில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. மரக்கறி, போன் கார்ட், பாஸ்போட் படம், போட்டோ கொப்பி, லமினேற் எல்லாம் அங்கே உண்டு. தாளை இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீதியைக் கடந்து போனேன்.

கடைக்கார அண்ணை வாங்கிப் பார்த்தார். "உது ஆரின்ரை பேர்த் சேட்டிபிக்கற் பிள்ளை?"

"ஒரு காரின்ரை அண்ணை."

"காருக்குமோ?"

"ஓம். உதில்லாட்டில் அதையும் ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

"அப்ப நல்ல தடிப்பு ஷீற்றிலை போடுவம்," என்றார் அவர்.

சூடாக வெளியே வந்தது. மடிப்பெல்லாம் நேராகி, எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நான் அதை மாரியோவின் மேசையில், அவர் வந்ததும் கண்ணில் படும் இடத்தில் வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

5

மாரியோ வந்து பார்த்தார். கத்தவில்லை. கதிரையை இழுத்து இருந்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"மலர்," என்றார், "போலித் தாள் அச்சடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் பரிசோதகர்கள் தாளைத் தொட்டுப் பார்ப்பார்கள். முகர்ந்து பார்ப்பார்கள். ஸ்பிரிங்கின் துரு எப்படி ஊறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இதில் எதைத் தொடுவது? நாங்கள் எதையோ பிளாஸ்ரிக்குக்குள் மறைக்கிறோம் என்றுதான் அந்த மனிதன் நினைப்பான்."

"கழற்றலாமா?"

"கழற்றினால் தாளும் சேர்ந்து வரும்."

எனக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு கோபம் வந்தது. மாரியோ மேல் அல்ல. பத்திரம் பத்திரம் என்று எங்களை இப்படிப் பழக்கிவிட்ட எல்லா அலுவலகங்கள் மேலும். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டெபிக்கு நானே சொல்கிறேன் என்றேன். அவருக்கு என் ஆங்கிலம் போதாமல் மாரியோ பாதியை முடித்து வைத்தார். டெபி அந்தத் தாளைக் கையில் வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். மேசையில் திருப்பி வைத்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டில் துளசியிடம் சொன்னேன். அப்போது அவளுக்குப் பதினைந்து. பாடசாலையில் அவளை 'டல்சி' என்று கூப்பிடுகிறார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். நான் இரண்டு வசனம் தமிழில் கேட்டால் அரை வசனம் ஆங்கிலத்தில் பதில் வரும்.

"அம்மா, சீரியஸ்லி? யூ லமினேற்றட் இற்?"

"ஓம்."

"எல்லாத்தையும் ஏன் லமினேற் பண்ணுறீங்கள்? இற்ஸ் சோ எம்பரஸிங்."

சோறு போட்டுக் கொடுத்தேன். தலை மட்டும் அந்தப் பின் சீற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தது. தாள் குப்பை என்று நினைத்தவன் கிட்ட இருக்கும் ஓட்டைக்குள்தான் செருகுவான். நானும் மினிபஸ் சீற்றுத் தைத்த நாளில் வெட்டுத் துண்டையெல்லாம் சீற்றுக்குள்ளேயே திணித்தவள்தான். சீற்றுக்காரன் செருகியது கிடைத்துவிட்டது. அப்படியென்றால் தாங்கிக்காரனுடைய பிரதி எங்கே?

செவ்வாய் காலை மாரியோவிடம் கேட்டேன். அவர் கையை விரித்தார். "இது கனடா. வீதியெல்லாம் உப்பு. தாங்கிக்கு மேலே முப்பது குளிர்காலத்து உப்புத் தண்ணீர் நின்றிருக்கும். நான் எத்தனையோ இறக்கிப் பார்த்தவன். சேறுதான் இருக்கும்."

"இந்தக் கார் உப்புக் காணாத கார், மாரியோ."

"எப்படித் தெரியும்?"

நான் பின் சீற்றின் ஸ்பிரிங்கைத் தூக்கி அவர் முன்னால் போட்டேன். உப்பில் ஓடிய காரின் ஸ்பிரிங் கையில் உதிரும். இதில் லேசான துரு மட்டும் இருந்தது. சீற் பெல்ற் அடித்திருந்த ஆணிகளும் பளபளவென்றிருந்தன. இந்த ஆறு வருஷத்தில் எத்தனை சீற்றைப் பிரித்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஸ்பிரிங்கைப் பார்த்தால் கார் எந்த வாழ்க்கை வாழ்ந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்தது. மாரியோ டெபிக்குப் போன் எடுத்தார். றிக் ஒரு குளிர்காலத்திலும் அந்தக் காரை வெளியே எடுத்ததில்லை என்றார் டெபி.

தாங்கி இறக்குவது எங்கள் வேலை அல்ல. கென் முணுமுணுத்தபடி காருக்குக் கீழே போனார். ஒரு மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டார். தாங்கிக்கு மேலே எலி கூடு கட்டியிருந்தது. பஞ்சும் நாரும் சோள மணியும் கிடந்தன. அதற்கு நடுவில் உள்ளங்கை அளவு பழுப்புத் தாள் ஒன்று இருந்தது. மிச்சத்தை எலி எடுத்துக் கூட்டுக்குப் போட்டுவிட்டது. விசேஷக் குறியீடு இருந்த பெட்டியைக் காணவில்லை. நீண்ட இலக்கத்தின் கடைசி ஆறு இலக்கமும் வேறு இரண்டு மூன்று பெட்டிகளும் மட்டும் தப்பியிருந்தன.

மாரியோ குறட்டால் அதை எடுத்துக் கடித உறைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மலர், வீதியைக் கடக்கக் கூடாது," என்றார்.

6

வியாழக்கிழமை துளசிக்குப் பாடசாலை இல்லை. எனக்காக மொழிபெயர்க்க வரச் சொன்னேன். பஸ்ஸில், எங்கள் வீடு இருக்கும் மல்வேர்னிலிருந்து முழுத் தூரமும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, என்னைத் தெரியாத மாதிரி இருந்தாள்.

பரிசோதகர் ஒல்லியான மனிதர். மெல்லிய றப்பர் கையுறை போட்டிருந்தார். காரை ஒரு மணித்தியாலம் சுற்றிப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்தார். லமினேற் பண்ணிய தாளைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

"இதை யார் செய்தது?"

மாரியோ வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், "நான்."

"ஏன்?"

அந்த 'ஏன்' என்பதற்கு என்னுடைய சீற்று, நூல், ஊசி ஆங்கிலத்தில் பதில் இல்லை. துளசியைப் பார்த்தேன். "சொல்லு பிள்ளை, கிழிஞ்சு போயிடும் எண்டு பயந்து செய்தனான் எண்டு."

துளசி பேசத் தொடங்கினாள். நான் சொன்னது ஒரு வசனம். அவள் நிற்காமல் பேசிக்கொண்டே போனாள். வேகமான ஆங்கிலம். படகைச் சொல்லும் 'போட்' என்ற சொல் காதில் விழுந்தது. 'மை டாட்ஸ் நேம்' என்பது விழுந்தது. மிச்சம் எனக்குப் பிடிபடவில்லை. டெபி தலையைக் குனிந்துகொண்டார். கென் தொப்பியைக் கழற்றினார். பரிசோதகர் கேட்டுக்கொண்டே நின்றார்.

அவள் முடித்ததும் அவர் கடித உறையைக் கேட்டார். எலி அரித்த துண்டை எடுத்து, தொட்டார், முகர்ந்தார், பின்பக்கம் திருப்பினார். பிறகு பிளாஸ்ரிக்குக்குப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். எனக்கு அது அந்த ஏழு மாதத்தை விட நீளமாக இருந்தது.

"இங்கே வாருங்கள்," என்று என்னைக் கூப்பிட்டார். இரண்டு தாளிலும் நாலு என்ற இலக்கத்துக்குக் கால் இல்லை. அச்சடித்த மெஷினில் அந்த எழுத்து உடைந்திருக்கிறது. துண்டில் வந்த இடத்திலெல்லாம் கால் இல்லாத நாலு. பிளாஸ்ரிக்குக்குள்ளும் அதே இடங்களில் கால் இல்லாத நாலு. கடைசி ஆறு இலக்கமும் ஒன்று.

"இரண்டும் ஒரே நாளில், ஒரே மெஷினில் அடித்தவை," என்றார். "துண்டு சந்தேகமில்லாமல் பழையது. ஆகவே மற்றதும் உண்மை." பிறகு துளசியைப் பார்த்துச் சிரித்தார். "இன்னொன்றும் சொல்லுங்கள் உங்கள் அம்மாவிடம். பதினாறு வருஷத்தில் நான் எத்தனையோ கள்ளத் தாள் பார்த்திருக்கிறேன். கள்ளத் தாள் செய்கிறவன் ஒருவனும் இதை லமினேற் பண்ண மாட்டான்."

டெபி என்னைக் கட்டிப் பிடித்தார். எனக்கு வெள்ளைக்காரர் கட்டிப் பிடித்தால் கையை எங்கே வைப்பதென்று இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு நானும் இறுக்கிப் பிடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் துளசி பாட்டு மாட்டவில்லை. "என்ன பிள்ளை அவ்வளவு நேரம் சொன்னனீ?" என்று கேட்டேன்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த ஒஃபிஸிலை என்னைப் பாத்து, நான் உங்கடை பிள்ளையோ எண்டு கேட்டவை எல்லோ. அதைச் சொன்னனான். ஐ றிமெம்பர், அம்மா. ஐ வோஸ் ஸ்ராண்டிங் றைற் தேர்."

அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவளும் நான் கேட்பேன் என்று நினைத்திருக்க மாட்டாள். மிச்சத் தூரமும் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். நான் அசையாமல் இருந்தேன்.

7

காட்சிச்சாலை காரை எடுத்துக்கொண்டது. முழுதாக, பிரிக்காமல். சீற்று நான் தைத்ததுதான். அவர்களுடைய கோப்புக்கு எலி அரித்த துண்டைத்தான் கேட்டார்கள். மற்றதற்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிளாஸ்ரிக் போட்ட தாளுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பில்லை என்று பரிசோதகர் நேராகவே சொல்லிவிட்டார். ஆகவே அது டெபியிடம் நின்றுவிட்டது. டெபி அதைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய்த் தமையனுடைய மடியில் வைத்தார்.

போன வெள்ளிக்கிழமை வந்த அட்டையில் அந்தக் கதைதான் எழுதியிருந்தது. றிக் அந்தத் தாளை விடுவதில்லையாம். நல்ல கையால் எடுத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம், அந்த மூன்று எழுத்துப் பெட்டியில் விரலை வைத்துக் காட்டுவாராம். தாதிமார் எல்லோருக்கும் இப்போது அந்தக் கார் என்ன கார் என்று தெரியும். சாப்பிடும்போதும் மேசையில் பக்கத்திலேயே வைத்திருப்பாராம். சூப் ஊற்றுண்டும், கோப்பி ஊற்றுண்டும், கை நழுவித் தண்ணீருக்குள் விழுந்தும் இருக்கிறதாம். தாதி ஒவ்வொரு நாளும் ஈரத் துணியால் துடைத்துத் திருப்பிக் கையில் கொடுக்கிறாளாம்.

மூன்று வருஷமாகிறது, ஓர் எழுத்தும் அழியவில்லை என்று டெபி எழுதியிருந்தார்.

அட்டையைத் துளசிக்கு வாசிக்கக் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "அம்மா, உதையும் லமினேற் பண்ணுவமே?" என்றாள்.